வற்றும் குளம் யாரை விட்டுவைக்கிறது?

1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளக்கரைப் பனையின் வெடிப்பு ஒன்றில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே ஒரு மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். பனையேறிக் கெண்டை. பனை ஏறும் என்பது மிகைதான். ஆனால் குளம் வற்றினால், செவுள்மூடியின் முட்களை ஈரத்தரையில் ஊன்றி அடுத்த குளத்துக்குப் போய்விடும் என்பது உண்மை. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக உள்ள ஓர் உறுப்பால் அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. மேலே வரவிடாமல் நீருக்குள்ளேயே அடைத்துவைத்தால் மூச்சுத்திணறிச் செத்துப்போகும்!

மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12க்கு முந்தைய வாரங்களில் டெல்டாவின் குட்டைகளைப் பார்த்தால் காரணம் புரியும். நீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கெண்டைக் குஞ்சுகள் மிதக்கின்றன, கொக்குகள் கூடுகின்றன. கலங்கிய சேற்றில் கடைசிவரை தாக்குப்பிடிப்பவை விரால், குரவை, பனையேறி போன்ற காற்று குடிக்கும் மீன்களே. அந்த உறுப்பு இன்று நேற்று உருவானதல்ல. பனையேறியின் பழைய உறவு மீன் ஒன்றின் புதைபடிவம் திபெத்தில் கிடைத்திருக்கிறது. வயது 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

இப்படிப்பட்ட எண்களைக் கேட்டே பரிணாமம் என்றால் நம் கண்ணுக்கு எட்டாத சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு. ஒரே இனத்துக்குள் ஒன்று இன்னொன்று போல இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் சில குஞ்சுகளுக்கும் போகின்றன. யார் பிழைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள் என்பதைத் தீனியும் பகைவர்களும் தண்ணீரும் தீர்மானிக்கின்றன. நல்ல கதிராகப் பார்த்து விதைநெல் எடுக்கும் விவசாயியின் வேலையைத்தான் இங்கே கோடை செய்கிறது, ஆனால் எந்த எண்ணமும் இல்லாமல். எது முதலில் சாகிறது என்பதே கேள்வி.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி நம் தெருச் சாக்கடையிலேயே நீந்துகிறது. கொசுப்புழுவைத் தின்பதற்காக விடப்பட்ட கப்பி மீன். குனிந்து பார்த்தால் ஆண் மீன் ஒரு அங்குலம்கூட இருக்காது. உடலில் ஆரஞ்சும் கருப்புமாய்ப் புள்ளிகள். பெண் பெரியது, நிறமற்றது, முட்டையிடாமல் குட்டி போடுவது. இதன் தாயகத்தில் டிரினிடாட் தீவும் ஒன்று. அங்கே மலை ஓடைகளை அருவிகள் துண்டு துண்டாகப் பிரித்திருக்கின்றன. அருவிக்குக் கீழே சிக்லிட் வகை வேட்டை மீன்கள் வளர்ந்த கப்பிகளைப் பாய்ந்து பிடிக்கின்றன. மேலே அவை ஏற முடியாது. அங்கிருக்கும் சிறிய கில்லி மீனால் பெரும்பாலும் பொடிக் கப்பிகளைத்தான் விழுங்க முடியும்.

வளர்ந்ததும் சாவு காத்திருக்கும் இடத்தில் தாமதிப்பவருக்கு வாரிசு இல்லை. ஆகவே கீழ்ப்பகுதிக் கப்பிகள் சீக்கிரமே பருவமடைந்து நிறையப் பொடிக்குட்டிகளைப் போடுகின்றன. மேலே உள்ளவை நிதானமாக வளர்ந்து, குறைவான, பெரிய குட்டிகளைப் போடுகின்றன. 1976இல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் கீழ்ப்பகுதிக் கப்பிகளை, வேட்டை சிக்லிட் இல்லாத ஓடையொன்றில் கொண்டுபோய் விட்டார். பதினோரு ஆண்டுகள், அதாவது 30 முதல் 60 தலைமுறைகள் கழிந்தன. டேவிட் ரெஸ்னிக் குழுவினர் அவற்றின் வாரிசுகளை ஆய்வகத்தில் ஒரே மாதிரித் தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். வேட்டை என்றால் என்னவென்றே அறியாத அந்தக் குட்டிகளும் தாமதமாகவே பருவமடைந்தன. மாற்றம் பரம்பரையில் ஏறிவிட்டிருந்தது.

மீன்பிடி வலையும் சிக்லிட்டின் வேலையைத்தான் செய்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் பெரிய காட் மீன்களாக அள்ளி அள்ளி, 1992இல் மீன்பிடித் தடை வருவதற்குள் எஞ்சிய மீன்கள் சிறு வயதிலேயே, சிறு அளவிலேயே முட்டையிடத் தொடங்கியிருந்தன.

பறவைகளில் நிறையப் பேசப்பட்டது பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் வாழும் குருவி. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் குருவிகளின் அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்ததும் மிச்சமிருந்ததில் முக்கியமானது நெருஞ்சிக் காய். ஆம், நம் வரப்பில் காலைப் பதம்பார்க்கும் நெருஞ்சியின் நெருங்கிய உறவுச் செடிதான். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரும்பான்மை மடிந்தது. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்குச் சராசரி அலகு தடித்திருந்தது. 1983இல் மழை கொட்டித் தீர்த்தது, சிறு விதைகள் மலிந்தன, சில ஆண்டுகளில் சிறிய அலகின் கை ஓங்கியது. ஒரே திசையில் முன்னேறிக்கொண்டே போவதுதான் பரிணாமம் என்று பள்ளியில் பதிந்துபோன எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பை நான் அறியேன்.

வடுவூரிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் கூடும் நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். மூடிய அலகின் நடுவே ஒரு சந்து தெரியும். வயல் நத்தையின் மூடிக்கடியில் அலகு நுனியைச் செலுத்திச் சதையை அறுத்து இழுக்கும் இந்தப் பறவைக்கு, குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் வரும். நத்தையையே நம்பி வாழும் வேறொரு பறவை அமெரிக்காவின் புளோரிடாவில் உண்டு, நத்தைப் பருந்து. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உள்ளூர் நத்தையைவிட மிகப் பெரிய அயல் நத்தை பரவியது. பத்தே ஆண்டுகளுக்குள் பருந்துகளின் உடலும் அலகும் பெரிதாகிவிட்டன. பெரிய அலகுள்ள இளம் பருந்துகளே முதல் ஆண்டைத் தாண்டி அதிகம் பிழைத்தன. கொழுத்த தீனியால் வந்த வளர்ச்சியும் இதில் உண்டு, பெற்றோர் வழி வந்த அலகும் உண்டு.