அகல ரயர் போட்டால் பிடிப்புக் கூடுமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் ரொயோட்டா 86 இருக்கிறது. கொம்பனி றிம்மை மாற்ற விருப்பமில்லை. இப்போது 215 ரயர் ஓடுகிறது. 245 போட்டால் பார்வைக்கும் எடுப்பாக இருக்கும், வளைவில் பிடிப்பும் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். போடலாமா?"

போடவேண்டாம். 225 வரை போகலாம், அதிலும் பெரிய ஆதாயம் இல்லை. பதில் இவ்வளவுதான். ஏன் என்று சொல்லப்போனால், ஒரு ரயர் காரை எப்படித் தாங்குகிறது என்ற கதைக்கு வரவேண்டும். அதை எழுதக் கிடைத்த சாட்டை நான் விடுவதாயில்லை.

ரயரின் பக்கத்தில் 215/45 R17 என்று இருக்கும். முதல் எண் மில்லிமீற்றரில் அகலம். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் 45 வீதம். கடைசி, அங்குலத்தில் றிம்மின் விட்டம். இது பலருக்கும் தெரியும். அந்த 215ஐ எதில் வைத்து அளந்தார்கள் என்பதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு ரயர் அளவையும் அதற்கென்று குறித்த அகலமுள்ள ஒரு றிம்மில் ஏற்றித்தான் அளப்பார்கள். 215/45க்கு அது 7 அங்குலம், 225/45க்கு 7.5, 245/40க்கு 8.5. றிம் அரை அங்குலம் ஒடுங்கினால் ரயரின் அகலமும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஒடுங்கும்.

86இன் கொம்பனி றிம் 7 அங்குலம். ஆகவே 225 அதில் ஏறியதும் 220 ஆகிவிடும். 245 ஏறினால் 230. முப்பது மில்லிமீற்றருக்குக் காசு கொடுத்துப் பதினைந்தை வாங்குகிற வியாபாரம். அதுவும் 245/40ஐ 8 அங்குலத்துக்குக் குறைந்த றிம்மில் போட ரயர்த் தரங்கள் இடங்கொடுப்பதில்லை. 225/45க்கு 7 முதல் 8.5 வரை சரி.

ஒடுங்கிய றிம்மில் அப்படி என்ன கெட்டுப்போகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

காரை எது தாங்குகிறது என்று கேட்டால் எல்லோரும் காற்று என்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயருக்குள் 32 பி.எஸ்.ஐ. அடித்திருந்தால் மேலேயும் அதே 32, கீழேயும் அதே 32. ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த பாஸ்கல்தான். றிம்மின் அடிப்பக்கத்தைக் காற்று எவ்வளவு விசையோடு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு விசையோடு மேற்பக்கத்தைக் கீழே தள்ளுகிறது. இரண்டும் கழிந்து பூச்சியம். காரின் பாரம் ஏறியதும் உள்ளே அழுத்தம் கூடிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கூடுவது மிகச் சொற்பம். அப்படியென்றால் ஒவ்வொரு சில்லின் மேலும் வந்து விழுகிற 325 கிலோவை யார் தூக்கி வைத்திருக்கிறார்கள்?

பக்கச்சுவருக்குள் ஓடும் நூல்கள். கார் ரயரில் இவை பெரும்பாலும் பொலியெஸ்ரர். ஒரு பக்க விளிம்பில் தொடங்கி, நிலத்தில் படும் பாகத்துக்கு அடியால் போய், மறுபக்க விளிம்பில் முடிகின்றன. இரண்டு விளிம்பிலும் உருக்குக் கம்பியால் ஆன ஒரு வளையம் றிம்மைக் கவ்விக்கொண்டு இருக்கிறது. காற்று நூல்களை வெளியே தள்ள, நூல்கள் விறைத்து அந்த வளையத்தைச் சுற்றிவர எல்லாத் திசையிலும் வெளிநோக்கி இழுக்கின்றன. மேலே உள்ளவை மேலே இழுக்கும், கீழே உள்ளவை கீழே இழுக்கும். ஜாக்கில் நிற்கும் சில்லில் எல்லாம் சமன்.

இப்போது ஜாக்கை இறக்குங்கள். நிலத்தைத் தொடும் இடத்தில் மட்டும் பக்கச்சுவர் வெளியே புடைக்கிறது. புடைத்தால் அந்த வளைவின் ஆரை சிறிதாகும். நூலின் இழுவிசை என்பது அழுத்தத்தை ஆரையால் பெருக்கி வருவது. அழுத்தம் மாறவில்லை, ஆரை குறைந்துவிட்டது, ஆகவே இழுவிசையும் குறைகிறது. அதோடு நூல் விளிம்பை விட்டுப் புறப்படும் கோணமும் சாய்ந்துபோகிறது. மிஞ்சியிருக்கும் இழுப்பில் ஒரு பங்கு கீழ்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் போய்விடும். கீழே இழுப்பவர்கள் தளர்ந்துவிட்டார்கள், மேலே இழுப்பவர்கள் முன்போலவே இழுக்கிறார்கள். அந்த வித்தியாசம்தான் காரைத் தாங்குகிறது. கார் ரயரின் மேல் குந்தியிருக்கவில்லை. ரயரின் மேற்பக்கத்தில் தொங்கிக்கொண்டு இருக்கிறது!

நம்பக் கஷ்டமாக இருந்தால் உங்கள் சைக்கிளைப் பாருங்கள். சில்லுக் கம்பியை விரலால் அமத்தினாலே வளைகிறது. அது எப்படி ஒரு ஆளைத் தாங்கும்? தாங்குவதில்லை. எல்லாக் கம்பியும் முன்னரே முறுக்கி இழுக்கப்பட்டிருக்கிறது. ஆள் ஏறினால் அடியில் வரும் கம்பியின் இழுப்புத் தளர்கிறது, அவ்வளவுதான். ரயரில் கம்பிக்குப் பதில் நூல், நிப்பிளை முறுக்குவதற்குப் பதில் காற்று.

இதை விளங்கிக்கொண்டால் றிம்மின் அகலம் ஏன் முக்கியம் என்பது தானாகவே வரும். நூல் விளிம்பை விட்டு எந்தக் கோணத்தில் புறப்படும் என்பதில் றிம்முக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அகல றிம்மில் பக்கச்சுவர் நேராக நிற்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பியதும் றிம் பக்கவாட்டில் நகர, ஒரு பக்கத்து நூல் உடனே விறைத்து நிலத்தில் படும் பாகத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. ஒடுங்கிய றிம்மில் அகல ரயரைப் போட்டால் இரண்டு விளிம்பும் உள்ளே கிட்டக் கிட்ட வந்து, சுவர் வயிறு வைத்துவிடும். வயிறு வைத்த சுவர், விறைப்பதற்கு முன் வடிவத்தை மாற்றிக்கொண்டே கொஞ்சத் தூரம் நகரும். நீங்கள் திருப்பிவிட்டீர்கள், றிம்மும் திரும்பிவிட்டது, றோட்டில் படும் றப்பர் இன்னும் யோசித்துக்கொண்டு இருக்கிறது. 86 போன்ற விளையாட்டுக் காருக்கு இதைவிட அவமானம் இல்லை. பற்றாததற்கு, ரயரின் முகம் நடுவில் கொஞ்சம் மேடாகி, ஓரங்களில் பாரம் குறையும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த ஓரங்கள்தான்.

சரி, பிடிப்பு? உராய்வு தொடுபரப்பில் தங்கியிராது என்று படித்திருப்பீர்கள். 1699இல் அமொன்ரன் எழுதிவைத்த விதி. மரத்துக்கும் இரும்புக்கும் ஓரளவு பொருந்தும், றப்பர் மட்டும் கேட்காது. றப்பர் றோட்டுக் கல்லின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கி அமரும் சாமான். பாரத்தை இரட்டித்தாலும் உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு இரட்டிப்பதில்லை. ஆகவே அதே பாரத்தைக் கூடுதலான றப்பரில் பகிர்ந்தால் பிடிப்புக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அகல ரயர்க்காரர் பக்கம் உள்ள நியாயம் இது.

ஆனால் றோட்டில் படும் பரப்பை முதலில் தீர்மானிப்பது ரயரின் அகலம் இல்லை, பாரமும் காற்றழுத்தமும்தான். ஆளோடு 1,300 கிலோ என்று வைத்தால் ஒரு சில்லுக்கு 325 கிலோ. 32 பி.எஸ்.ஐ.க்கு அதைப் பிரித்தால் 145 சதுர சென்ரிமீற்றர் சொச்சம். ரயர்ச் சுவரின் விறைப்பால் உண்மை அளவு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அகலத்தைக் கூட்டும்போது அந்த 145 அகன்று குட்டையாகிறது, பெரிதாக வளர்வதில்லை. குட்டையாவதிலும் நன்மை உண்டு. வளைவில் ரயரின் பதிவு, அதாவது றோட்டில் படும் அந்தப் பரப்பு, பின் ஓரத்தில்தான் முதலில் வழுக்கத் தொடங்கும். குட்டைப் பதிவில் அது பிந்தும். சூடும் பரவும். பந்தயக்காரர் அகல ரயரைத் தேடுவது சும்மா இல்லை. அவர்கள் றிம்மையும் சேர்த்து அகலமாக்குகிறார்கள் என்பதைத்தான் கடைக்காரர் சொல்ல மறந்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், 86ஐ வடிவமைத்த தெத்சுயா தாடாவின் குழு வேண்டுமென்றேதான் அதற்கு 215 போட்டது. பிடிப்பு அளவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் ஓட்டுபவரோடு பேசும் என்பது அவர்களின் எண்ணம். கொம்பனி போட்டுவிட்ட ரயர், சில நாடுகளில் பிரியஸ் காருக்கும் போட்ட அதே வகை. ஆகவே பிடிப்புத்தான் வேண்டுமென்றால் அகலத்தை விடுங்கள். அதே 215/45இல் மென்மையான, நல்ல றப்பர்க் கலவை உள்ள ரயரை வாங்குங்கள். 225ஐவிட அதில் கிடைக்கும் வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரியும். ஓரிரு வருடம் முந்தித் தேயும், அதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

றப்பர்க் கலவை என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடவில் றப்பர் கன்று நட்ட நாடு இது. போர்க்லிப்ட் வண்டிகளுக்கான திண்ம ரயரை உலகம் முழுவதும் அனுப்புகிறோம். அப்படியிருந்தும் ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வீதத்துக்கு எவ்வளவோ கீழே. கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் பொறியியல் பிள்ளைகளுக்கு, உருளையில் ரயரை ஓடவிட்டுப் பக்க விசை அளக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுப்பது அப்படி எட்டாத காசு இல்லை. ஒரு வளைவு வாசலுக்குச் சேரும் காசு இதற்குச் சேராது.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் ஆனையிறவுப் பக்கம் ஏ9இல் தண்ணீர் நிற்கும்போது அகன்ற குட்டைப் பதிவு நட்டம்தான். அது ஒதுக்கவேண்டிய தண்ணீர் கூட, ஒதுக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. நாசா 1960களில் விமான ரயர்களை வைத்துக் கண்ட கணக்கு ஒன்று உண்டு: ரயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 32 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு 94 கிலோமீற்றர் அளவில் வரும். காற்று 20க்கு இறங்கியிருந்தால் 75. அந்தப் பாதையில் சட்ட வேகம் 70.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கிறது. தேங்காய் உடைக்கிறோம், கச்சான் வாங்குகிறோம், போகிறோம். பிள்ளையாரோடு எனக்கு வழக்கு இல்லை, கச்சானோடு சுத்தமாக இல்லை. ஆனால் இறங்கித்தானே நிற்கிறோம், காற்று அளக்கும் மீற்றரை எடுத்து நாலு சில்லிலும் ஒருக்கால் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் போகும்? சக்கரத்துக்குக் கீழே நசிந்த எலுமிச்சம்பழத்தால் ஒரு பி.எஸ்.ஐ.கூட ஏறாது.

இவ்வளவுக்குப் பிறகும் அகலம்தான் வேண்டும் என்றால், 8 அங்குல றிம்மும் 225/45ம் நல்ல சோடி. கொம்பனி றிம்மில் ஓவ்செற், அதாவது றிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பூட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம், 48 மில்லிமீற்றர். அதே எண்ணில் 8 அங்குலம் வாங்கினால் றிம் உள்ளேயும் வெளியேயும் 12.7 மில்லிமீற்றர் வளரும். வாங்கமுன் ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்து, உள்ளே ஷொக்அப்சோபர் பக்கம் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரயரின் விட்டம் 9 மில்லிமீற்றர் கூடுவதால் மீற்றர் 70 காட்டும்போது ஓடுவது 71. பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்றும் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. விளையாட்டுக் காரின் ரயர் அளவுகள் இங்கே மெதுவாகத்தான் விற்கும், கடையின் பின்னறையில் வருடக்கணக்கில் கிடந்ததையும் புதிது என்றே தருவார்கள்.