நகல் தடுப்பு என்றே சொல்வோம்

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒரு கையில் புதுப் போனும் இன்னொரு கையில் பென்டிரைவுமாக வீட்டுக்கு வந்தார். பழைய போனில் பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்துவிட்டது. அதில் காசு கொடுத்து வாங்கிய 11 மின்னூல்கள் இருந்தன. போன் போவதற்கு முன்பே மகனிடம் சொல்லி எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டார். புதுப் போனில் போட்டால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடைக்கு எழுதிக் கேட்டதற்கு, நூல்கள் பழைய கருவியோடு கட்டப்பட்டவை என்று பதில் வந்திருக்கிறது.

"பாதுகாப்பு இருக்குன்னுதானே தம்பி போட்டிருந்தான்? அதை நம்பித்தானே வாங்கினேன்?" என்றார். பில்லைத் திறந்து காட்டினார். கடைசி வரி இது: 'இந்த நூல் நகல் பாதுகாப்புடன் வழங்கப்படுகிறது.'

நாற்பது வருஷம் தமிழ் நடத்தியவர் அந்த வரியைத் தமிழாகப் படித்தார். என் நகலுக்குப் பாதுகாப்பு உண்டு, போன் கெட்டாலும் நூல் போகாது என்று புரிந்துகொண்டார். படித்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதினவர் சொல்ல வந்தது நேர் எதிரான செய்தி: இதை நகல் எடுக்க முடியாது, எடுத்தாலும் திறக்காது.

காப்பி புரொடெக்‌ஷன் என்பதை 'நகல் பாதுகாப்பு' என்று எழுதுவதை மென்பொருள் திரைகளிலும் செய்திகளிலும் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். நானும் பிழைதிருத்தும் வேலையில் அதைப் பலமுறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் பொருள். ஒரு பாட்டு, படம், நூல், மென்பொருள் எதுவானாலும் அதை வாங்கினவரோ மற்றவரோ படியெடுத்துப் பரப்பாதபடி விற்பவர் செய்துவைக்கும் தொழில்நுட்ப ஏற்பாடுதான் இது. பிளாப்பி காலத்தில் வட்டில் வேண்டுமென்றே பழுதான பகுதிகளை வைத்து விற்றார்கள். சாதாரணமாக நகல் எடுத்தால் அந்தப் பழுது கூடவே வராது, மென்பொருள் ஓடாது. விளையாட்டைத் தொடங்க, அச்சிட்ட கையேட்டில் இத்தனையாவது பக்கத்தின் இத்தனையாவது சொல் என்ன என்று கேட்டார்கள். பிறகு டிவிடியில் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி தரவை உருமாற்றும் மறையாக்கம் வந்தது, இணையத்தில் கணக்கோடும் கருவியோடும் கோப்பைக் கட்டிப்போடும் முறை வந்தது.

நகல் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரபியில் 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுதல். பாரசீகம், உருது வழியாக அரசு அலுவலக, கணக்குப் பத்திரங்களோடு நம்மிடம் வந்தது. அதன் ஜோடியான 'அசல்' என்பதற்கு அரபியில் வேர், மூலம் என்று பொருள். வசூல், பாக்கி, ஜாமீன், ஜப்தி எல்லாம் அதே கூட்டம். ஆங்கிலக் காப்பிக்கு மூலமான லத்தீன் 'கோப்பியா' என்பதற்கு மிகுதி, ஏராளம் என்று பொருள்.

தமிழிலேயே 'படி' இருக்கிறதே என்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். கைப்படி, மூலப்படி, ஏட்டைப் படியெடுத்தல் எல்லாம் நல்ல பழைய வழக்கு. தனியாக 'படியெடுத்தல்' என்னும்போது குழப்பமே இல்லை. ஆனால் தொகைச்சொல்லில் முன்னால் வைத்தால் இடறுகிறது. 'படித்தடுப்பு' என்றால் மாடிப்படியில் குழந்தை விழாமல் வைக்கும் மரச்சட்டம்தான் நினைவுக்கு வரும். பயணப்படி, பஞ்சப்படி வேறு இருக்கின்றன. தூய்மையா தெளிவா என்று வந்தால், பயன்படுத்துகிறவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நான் தெளிவின் பக்கம்தான் நிற்பேன். நகல் என்ற சொல்லைப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் எல்லோரும் சொல்கிறார்கள். அதை விரட்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: கல், தூண் கற்றூண் ஆவதுபோல இதை 'நகற்றடுப்பு' என்று புணர்த்த வேண்டாம். வந்த சொல்லுக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

சரி, சிக்கல் இருப்பது பின்பாதியில். 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு முன்னால் தமிழில் ஒரு பெயர் வந்தால், பெரும்பாலும் எதைக் காக்கிறோமோ அதுதான் அங்கே நிற்கும். குழந்தைப் பாதுகாப்பு, பெண்கள் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு, தரவுப் பாதுகாப்பு. இலக்கணத்தில் இது இரண்டாம் வேற்றுமைத் தொகை: குழந்தையைக் காத்தல், வனத்தைக் காத்தல். அந்த வரிசையில் 'நகல் பாதுகாப்பு' வந்து உட்கார்ந்தால் நகலைக் காத்தல் என்றுதான் எவரும் படிப்பார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 'தீப் பாதுகாப்பு', 'கதிர்வீச்சுப் பாதுகாப்பு' என்கிறோமே, தீயைக் காப்பது என்றா புரிந்துகொள்கிறோம்? இல்லை. அங்கே 'தீயிலிருந்து' என்றுதான் புரிகிறது. காரணம், தீயை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. கதிர்வீச்சையும் அப்படித்தான். பொருளே வழிகாட்டிவிடுகிறது. நகல் அப்படியா? நகல் நாம் பத்திரமாக வைத்துக்கொள்கிற பொருள். குடும்ப அட்டை நகல், பட்டா நகல், மதிப்பெண் சான்றிதழ் நகல் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைக்கிற பொருள். காக்கப்பட வேண்டியது என்று மனதில் ஏற்கனவே பதிந்த ஒன்றின் பக்கத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதிவிட்டு, 'இதிலிருந்து' என்று படித்துக்கொள் என்றால் எப்படி?

இன்னும் ஒரு படி மேலே போனால், நம் மரபில் நகல்தான் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. பனையோலை பூச்சியாலும் ஈரத்தாலும் அழியும். இன்று நம்மிடம் சங்க நூல்கள் இருக்கின்றன என்றால், ஓலை செல்லரிப்பதற்குள் இன்னொருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் படியெடுத்ததால்தான். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, பல ஊர்களிலிருந்து வந்த ஏட்டுப் படிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தைத் தீர்மானித்தார். ஒரே ஒரு படிதான் இருக்கலாம், மற்றவை கூடாது என்று எவராவது பூட்டி வைத்திருந்தால் ஒப்பிட என்ன கிடைத்திருக்கும்? தமிழில் 'நகல் பாதுகாப்பு' என்ற தொடருக்கு இயல்பான வீடு சுவடி நூலகம். அதைக் கொண்டுபோய் நகலே எடுக்கவிடாத ஏற்பாட்டுக்குப் பெயராக வைத்தது என் மனதை உண்மையிலேயே வருத்துகிறது.

சிலர் 'நகல் காப்பு' என்று சுருக்குகிறார்கள். அது இன்னும் மோசம். பேக்கப் என்பதற்குக் 'காப்புநகல்' என்ற நல்ல சொல் வழக்கில் வந்துவிட்டது. சொற்களை இடம் மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும் என்றால் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? போதாததற்கு, கண்டுபிடிப்புக்குத் தரும் பேடண்டைக் குறிக்கும் 'காப்புரிமை'யைப் பாட்டு உரிமை வழக்குச் செய்திகளில் பதிப்புரிமைக்கும் போட்டுக் குழப்புகிறார்கள். காப்பு என்ற ஒரு சொல்லின் மேல் இத்தனை சுமை கூடாது.

இந்திய பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 52-ஆம் பிரிவில், முறையாகக் கணினி நிரலை வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ அழிந்தாலோ கெட்டாலோ பாதுகாப்பாக இருக்கட்டும் என்று காப்புநகல் எடுக்கலாம், அது உரிமை மீறல் ஆகாது என்று இருக்கிறது. 2012-இல் திருத்தம் கொண்டுவந்து 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சட்டம் தரும் உரிமைகளைக் காக்கப் போட்ட தொழில்நுட்ப ஏற்பாட்டை, அந்த உரிமைகளை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. முதல் பிரிவில் நகல் எடுப்பது பாதுகாப்பு. இரண்டாவது பிரிவில் பாதுகாக்கப்படுவது உரிமை. அதற்காகத் தடுக்கப்படுவது நகல். இரண்டையும் 'நகல் பாதுகாப்பு' என்றே மொழிபெயர்த்தால் சட்டம் படிக்கிற மாணவர் என்ன செய்வார்?

விடை நம் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. மண்ணைக் காக்க அரிப்பைத் தடுக்கிறோம். அதனால் 'மண் பாதுகாப்பு' என்கிறோம், 'அரிப்புத் தடுப்பு' என்கிறோம். 'அரிப்புப் பாதுகாப்பு' என்று எந்த விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை. வெள்ளத் தடுப்பு, திருட்டுத் தடுப்பு, கொசுத் தடுப்பு, நோய்த் தடுப்பு. வேண்டாததன் பெயர் முன்னால் வந்தால் பின்னால் தடுப்பு. விற்பவருக்கு வேண்டாதது நகல். ஆகவே நகல் தடுப்பு. இதைக் கண்டுபிடிக்கக் கலைச்சொல் குழு எதுவும் கூட வேண்டியதில்லை. 'திருட்டு விசிடி' என்ற சொல்லை எந்தக் குழு ஆக்கியது? தெருவில் பிறந்தது, எல்லோருக்கும் புரிந்தது. இன்று அதே பொருளை, ஆங்கிலப் 'பைரசி'யை அப்படியே பெயர்த்து, 'டிஜிட்டல் கடற்கொள்ளை' என்று யாராவது எழுதும்போது, சோமாலியாக் கரையில் கப்பல் பிடிப்பதைச் சொல்கிறார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

தடுப்பு என்பது எதிர்மறையாகத் தொனிக்கிறது, விற்பவர்கள் விரும்ப மாட்டார்கள் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார். விற்பவருக்கு இனிக்க வேண்டும் என்பதற்காக வாங்குபவருக்குப் பொருள் மாறிப்போவதை நான் ஏற்கமாட்டேன். 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில இசைக் குறுந்தட்டுகளைக் கணினியில் போட்டபோது, நகலைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று கணினிக்குள் இறங்கி, தன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அந்த மறைவிடத்தை வேறு தீநிரல்களும் பயன்படுத்திக்கொண்டன. கடைசியில் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். காசு கொடுத்து வாங்கினவரின் கணினியைத் திறந்துபோட்ட ஒன்றைப் 'பாதுகாப்பு' என்று தமிழில் எழுத எப்படி மனம் வரும்?

விலை விஷயத்தில் இந்தச் சொல் செய்யும் கோளாறு இன்னும் வெளிப்படையானது. 2007 மே மாதம் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் இஎம்ஐ என்ற இசை நிறுவனத்தின் பாட்டுகள் இரண்டு விதமாகக் கிடைத்தன. தடுப்புள்ள பாட்டு 99 சென்ட். தடுப்பில்லாதது, ஒலித்தரமும் கூடியது, 1.29 டாலர். அதே ஆண்டு அக்டோபரில் தடுப்பில்லாததும் 99 சென்டுக்கு இறங்கியது. 2009-இல் அந்தக் கடை இசையில் தடுப்பையே எடுத்துவிட்டது. இந்தச் செய்தியைப் 'பாதுகாப்புள்ள பாட்டு 99 சென்ட், பாதுகாப்பற்ற பாட்டு 1.29 டாலர்' என்று எழுதிப் பாருங்கள். பாதுகாப்பில்லாத பொருளுக்கு ஏன் கூட விலை கொடுக்க வேண்டும் என்று வாசகர் திகைப்பார். தடுப்பு என்று எழுதினால் ஒரு விளக்கமும் தேவையில்லை: தடுப்பு இருந்தால் வாங்கினவருக்கு வசதி குறைவு, விலையும் குறைவு.

இதோடு ஒட்டியது டிஆர்எம், அதாவது டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட். இதை 'எண்ணிம உரிமை மேலாண்மை' என்கிறார்கள். டிஜிட்டலுக்கு எண்ணிமம், இலக்கமுறை, மின்னிலக்கம் என்று ஊருக்கு ஒரு சொல் இருப்பதை இப்போது விட்டுவிடுவோம். 'உரிமை மேலாண்மை' என்று படித்தால் யாருடைய உரிமை என்று தெரிகிறதா? வாசகர் தன் உரிமை என்றே நினைப்பார். இந்த ஏற்பாடு நகலை மட்டும் தடுப்பதில்லை. எந்தக் கருவியில் திறக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், நண்பருக்கு இரவல் கொடுக்கலாமா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கினவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளிலிருந்து இரண்டு நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணம் திரும்பி வந்தது, நூல்கள் போயின. இதற்கு நான் 'உரிமைப் பூட்டு' என்று எழுதி வருகிறேன். உரிமைக்காரர் போட்ட பூட்டு என்றாலும் சரி, வாங்கினவரின் உரிமையைப் பூட்டுவது என்றாலும் சரி, இரண்டு வழியில் படித்தாலும் பொருள் கெடுவதில்லை.

நகல் தடுப்பிலிருந்து மற்ற சொற்களும் தடையில்லாமல் கிளைக்கின்றன. நகல் தடுப்புள்ள கோப்பு, தடுப்பில்லாத கோப்பு, தடுப்பு நீக்கம், தடுப்பு நீக்கி. 'நகல் பாதுகாப்பு நீக்கி' என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ நாசவேலை மாதிரி கேட்கும்.

அந்த பில்லின் கடைசி வரியை ஆசிரியருக்கு இப்படி மாற்றி எழுதிக் காட்டினேன்: 'இந்த நூலில் நகல் தடுப்பு உண்டு. வாங்கிய கருவியில் மட்டுமே திறக்கும்.' கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு முறை படித்தார். "இது புரியுது" என்றார். பென்டிரைவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் 11 கோப்புகளும் அப்படியே இருக்கின்றன.