வம்பு வழக்குக் கட்டுப்பாட்டாணை

மேலூர்ப் பக்கம் ஒரு வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கீழ்க்கோர்ட்டிலும் தோற்று, மேல்முறையீட்டிலும் தோற்றுவிடுகிறார். அப்புறமும் விடாமல் அதே சர்வே எண்ணுக்கு இன்னொரு வழக்கு, எதிராளியின் தம்பி மேல் ஒன்று, கிரயம் எழுதிக் கொடுத்தவர் மேல் ஒரு தனிப் புகார் என்று போட்டுக்கொண்டே இருக்கிறார். மதுரைக்கு வாய்தாவுக்கு அலைந்தே எதிராளியின் காசு கரைகிறது. இப்படி நியாயமான காரணம் இல்லாமல் வழக்கமாக வழக்குப் போடுகிறவர், முன் அனுமதி வாங்காமல் இனிப் புது வழக்குப் போடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடும் உத்தரவுதான் இது.

ஆங்கிலச் சட்டத்தில் இத்தகைய வழக்கை ‘வெக்ஸேஷியஸ்’ வழக்கு என்பார்கள். ‘வெக்ஸாரே’ என்ற லத்தீன் வினைதான் அதன் வேர். உலுக்குவது, அலைக்கழிப்பது என்று பொருள். இங்கிலாந்தில் இதற்கான சட்டம் 1896-இல் வந்தது. சென்னை மாகாணம் 1949-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆந்திரத்திலிருந்து போன ஒரு வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 1960-களில் சொல்லிவிட்டது.

தமிழில் ‘தொல்லை தரும் வழக்கு’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் நியாயமான வழக்கும் எதிராளிக்குத் தொல்லைதானே? ‘பொய் வழக்கு’ என்பதும் பொருந்தாது. சொல்வதெல்லாம் உண்மையாக இருந்தும் வழக்குக்கு அடிப்படையே இல்லாமல் போகலாம். ‘வம்பு வழக்குக்குப் போகாத மனுசன்’ என்று நம் ஊரில் ஒருவரை மெச்சுகிறோமே, அந்த ‘வம்பு வழக்கு’ இதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. தொல்காப்பியம் ‘வம்பு நிலையின்மை’ என்கிறது. பருவம் தப்பிப் பெய்யும் மழைக்குச் சங்கப் பாட்டில் ‘வம்ப மாரி’ என்று பெயர். காரணமில்லாமல் வலிய இழுக்கும் சண்டை என்ற பொருள் பிற்பாடு வந்து நிலைத்திருக்கிறது.

அடுத்தது ‘தடையாணை’. இந்தச் சொல்லை இங்கே நான் ஏற்கமாட்டேன். கோர்ட்டுப் படியே ஏறக்கூடாது என்ற அர்த்தம் அதில் வந்துவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சென்னை நகர நீதிமன்றங்கள் என்றால் உயர் நீதிமன்றத்திடமும், மதுரை போன்ற வெளியூர்களில் மாவட்ட அமர்வு நீதிபதியிடமும் அனுமதி கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால் அனுமதி கிடைக்கும். அனுமதியில்லாமல் போட்ட வழக்கு தள்ளுபடி ஆகும். அதனால் ‘கட்டுப்பாட்டாணை’ என்பதே சரி.

ஒரு வழக்கில் தோற்றதாலேயே யார் மேலும் இந்த ஆணை பாயாது. எதிராளி நேராகப் போய் இதைக் கேட்கவும் முடியாது. அரசுத் தலைமை வழக்குரைஞர்தான் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே ஆணை பிறக்கும்; பிறந்ததும் அரசிதழில் வெளியாகும்.