"பாதிதாண்ணே வெச்சிருந்தேன்"

பொங்கல் முடிந்து பத்து நாளுக்குள் என் மேஜைக்கு வந்த நாலாவது ஜோடி ட்வீட்டர் இது, ஸ்பீக்கர் பெட்டிக்குள் மேல் சுருதிகளைப் பாடுகிற சின்ன ஸ்பீக்கர். மீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்து கிடக்கிறது. கொண்டுவந்த தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய அப்பா துபாயில் வேலை பார்த்த காலத்தில், 90களில் வாங்கி வந்த ஸ்டீரியோ ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள செட். அதோடு வந்த ஸ்பீக்கர்கள். முப்பது வருடம் கூடத்தில் பூப்போல வைத்துக் கேட்டிருக்கிறார் அந்த மனிதர். காணும் பொங்கலன்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, செட்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், போனைச் சொருகி, சாயங்காலம் முழுக்கப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"பாதிக்கு மேல போகவே இல்லண்ணே. சத்தியமா பாதிதாண்ணே வெச்சிருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு ஆற்றாமையே அங்கேதான். மதுரையில் 26 வருடமாக ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறேன். எரிந்த ட்வீட்டரோடு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். வால்யூம் குமிழ் பாதியில் நின்றால் செட்டும் பாதி பலத்தில்தான் ஓடுகிறது என்று எல்லோரும் மனதார நம்புகிறார்கள். தண்ணீர்க் குழாயைப் பாதி திறந்தால் பாதித் தண்ணீர் வரும் என்கிற மாதிரி. இந்தக் குமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இன்றைக்கு இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் கால ரிசீவர்களின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், சிடி பிளேயர், போன், கேசட் டெக் போன்றவற்றைச் சொருகுகிற ஆக்ஸ், டேப் உள்ளீடுகளுக்கு நேராக 150 மில்லிவோல்ட் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். வால்யூமை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு 150 மில்லிவோல்ட் கொடுத்தால் போதும், செட் தன் முழு வாட்டையும் கக்கிவிடும் என்பது அதன் அர்த்தம். ஒரு சிடி பிளேயர் உச்சத்தில் தருவது 2 வோல்ட், அதாவது 2000 மில்லிவோல்ட். தேவைக்குப் பதின்மூன்று மடங்கு. குமிழை நடுவில் நிறுத்தினால் அது உள்ளே விடுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நம் காது சத்தத்தைக் கேட்கிற விதத்துக்கு ஏற்ப அந்தக் கன்ட்ரோலை அப்படித்தான் செய்கிறார்கள். 2000-ல் பத்தில் ஒன்று 200. செட்டுக்கு வேண்டியது 150. ஆகவே சிடி ஓடும்போது குமிழ் பாதிக்கு வருவதற்கு முன்பே செட் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. மீதிப் பாதித் திருப்பலில் புதிதாகப் பலம் எதுவும் இல்லை, கரகரப்பு மட்டும்தான் ஏறும்.

"நான் சிடி போடலையே, போன்தானே போட்டேன்" என்றார் தம்பி. போன் அரை வோல்ட்தான் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். பாதி வால்யூமில் உள்ளே போவது 50 மில்லிவோல்ட். நியாயமாக ஒன்றும் ஆகியிருக்கக் கூடாதுதான். செட்டின் முகப்பைப் பார்த்தேன். பேஸ் குமிழ் வலது கோடியில், ட்ரெபிள் குமிழ் வலது கோடியில், லவுட்னஸ் பட்டன் அமுங்கியபடி. கொண்டுவந்தவர்கள் அதைத் திருப்பி வைக்கக்கூட இல்லை. பேஸை முழுக்கத் திருப்பினால் கீழ்ச் சுருதிகள் 10 டெசிபல் ஏறும். 10 டெசிபல் என்றால் வோல்டேஜில் மூன்று மடங்குக்குச் சற்று மேல், பலத்தில் பத்து மடங்கு. 50-ஐ மூன்றால் பெருக்குங்கள், 150 வந்துவிட்டது. லவுட்னஸ் அதற்கு மேலும் ஏற்றியிருக்கும். பாதி வால்யூமிலேயே செட் மூச்சு முட்டி ஓடியிருக்கிறது, அதுவும் நாலு மணி நேரம்.

மூச்சு முட்டுகிற ஆம்ப்ளிஃபையர் அலையின் தலையை வெட்டிவிடும். டிரம் அடியின் தலை வெட்டுப்பட்டு அங்கேயே நின்றுவிட, உச்சத்துக்கு இன்னும் போகாத ஜால்ரா போன்ற சத்தங்கள் ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட முனைகளும் புதிதாக மேல் சுருதிகளைப் பிறப்பிக்கும். இத்தனையும் போய்ச் சேர்கிற இடம் அந்தச் சின்ன ட்வீட்டர். ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் 100 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். அது பாட்டு முழுவதையும் சேர்த்துப் பெட்டிக்குச் சொன்ன கணக்கு. அதனுள் இருக்கும் ட்வீட்டரின் கம்பிச்சுருள் முடி போன்ற மெல்லிய கம்பியில் சுற்றியது, விடாமல் தாங்குவது சில வாட்தான். "40 வாட் ஆம்ப், 100 வாட் ஸ்பீக்கர், அதனால பயமே இல்ல" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். என் அனுபவத்தில் பெரிய ஆம்ப்ளிஃபையர் எரித்ததைவிட, சக்திக்கு மீறி விரட்டப்பட்ட சின்ன ஆம்ப்ளிஃபையர் எரித்த ட்வீட்டர்கள்தான் அதிகம்.

சரி, வீட்டுக்கு எவ்வளவு பலம் வேண்டும்? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 முதல் 90 டெசிபல் சத்தம் தரும். கூடத்தில் உட்கார்ந்து கேட்க அது தாராளம். அந்தச் சத்தம் காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் 10 வாட் வேண்டும். அதற்கும் இருமடங்கு வேண்டுமானால் 100 வாட். சுவர் இல்லாத மொட்டை மாடியில் சத்தம் காற்றோடு போய்விடும். அங்கே அறுபது பேருக்குக் கேட்க வீட்டு செட்டை வைத்து முயல்வதே தவறு. ஒரு நாள் வாடகைக்கு மைக் செட் எடுங்கள். இந்த ட்வீட்டருக்கு நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எத்தனை கடைக்குப் போன் போட்டும் ஜோடி கிடைக்கவில்லை. இனி கிடைத்தாலும் அந்தப் பழைய குரல் வருமா என்று அவர் அப்பாவிடம் என்னால் உறுதி சொல்ல முடியாது.

லவுட்னஸ் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்து, அமுக்கினால் சத்தம் கூடும் என்று அமுக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோம். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்ச் சுருதி சரியாகக் கேட்காது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அந்தக் குறையை நிரப்புவதற்காக வைத்த பட்டன் அது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு மெல்லிசாகப் பாட்டு கேட்கிறீர்களா, அமுக்குங்கள், அருமையாக இருக்கும். சத்தமாக வைக்கும்போது அதற்கு அங்கே வேலையே இல்லை. எடுத்துவிடுங்கள்.

ஃபோனோ உள்ளீட்டில் டிவி பெட்டியைச் சொருகுகிறவர்களும் இருக்கிறார்கள். "அதுலதாண்ணே பேஸ் கும்முனு வருது." வராமல் என்ன செய்யும்? ரெக்கார்டு பிளேயரின் ஊசி தருவது 5 மில்லிவோல்ட் அளவில்தான். அதைப் பெருக்கி, ரெக்கார்டில் குறைத்துப் பதித்த கீழ்ச் சுருதியைத் திரும்ப ஏற்றித் தருவதற்கென்றே உள்ள வழி அது. அதில் 2 வோல்ட்டைக் கொட்டினால் 400 மடங்கு. கீழ்ச் சுருதியைப் பாடுகிற பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் காகிதம் கிழிந்து வருவது இப்படித்தான்.

ஸ்பீக்கர் ஏ, பி என்று இரண்டு பட்டன் இருக்கிறதே, இரண்டையும் சேர்த்து அமுக்குமுன் செட்டின் பின்பக்கம் படியுங்கள். தனித்தனியே என்றால் 4 ஓம் போதும், இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் 8 ஓம் இருக்க வேண்டும் என்று பல செட்களில் அச்சிட்டே இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடி போட்டால் ஆம்ப்ளிஃபையருக்குத் தெரிவது 2 ஓம். கரன்ட் இரட்டிப்பாகும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் தோசைக்கல் ஆகும், அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஒரு கோளாறும் இல்லாத செட்டை ஆட்டோ வைத்துத் தூக்கி வருவார்கள், சத்தமே வரவில்லை என்று. டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருக்கும். கேசட் டெக் ஒன்று இணைந்திருக்கிறது என்று நம்பி செட் அதற்காகக் காத்திருக்கும், டெக்கோ போன இடம் தெரியாது. இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பட்டன் இரண்டுமே வெளியே வந்திருக்கும், ஹெட்போன் பின் மட்டும் உடைந்து துளைக்குள் சிக்கியிருக்கும், பேலன்ஸ் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். துணியால் துடைக்கும்போது கை பட்டிருக்கும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் காசு வாங்க மனசு வருவதில்லை. கடைக்கு வருமுன் முகப்பில் உள்ள ஒவ்வொரு பட்டனையும் ஒருதரம் அமுக்கி எடுத்துப் பாருங்கள், புண்ணியமாகப் போகும்.

டிவியோடு இணைத்துப் படம் பார்க்கிற புது ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் வேறு விதம். திரையில் மைனஸ் 40, மைனஸ் 30 என்று காட்டும். மைனஸ் என்றால் இல்லாதது என்று நினைத்து, பூஜ்யம் வரைக்கும் ஏற்றலாம் என்று ஏற்றுகிறார்கள். அங்கே பூஜ்யம் என்பது தியேட்டர் அளவுச் சத்தம். ஒழுங்காக அளந்து அமைத்த செட்டில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும். ரிமோட் மெத்தைக்கு அடியில் அமுங்கிச் சத்தம் தானாக ஏறிப் போன வீடுகள் எனக்குத் தெரியும். அமைப்புப் பட்டியலில் வால்யூமுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி பெரும்பாலான செட்களில் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் இன்றைக்கே அதை வைத்துவிடுங்கள்.

இன்னும் சில. குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். தூசியும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே பசையாகிவிடும், பிறகு கன்ட்ரோலையே மாற்ற வேண்டியதுதான். செட்டை அணைத்துவிட்டு, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருப்புங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் தருகிறோம்.

செட்டின் தலையில் பூவேலைத் துணி போட்டு அதன்மேல் பூச்சாடி வைக்காதீர்கள். அந்தத் துளைகள் மூச்சு விடுவதற்கு. உள்ளே 10 டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

செட் 'டக்' என்று தானே அணைந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. மறுபடி மறுபடி போட்டு அடம் பிடிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒரே ஒரு தடவை போடுங்கள். இப்போது ஸ்பீக்கரை இணைக்கிற ரிலே சுவிட்ச் வழக்கம்போல் சேர்ந்து செட் நிலைத்தால், பெரும்பாலும் எங்கோ ஒரு வயரின் பிசிறு பக்கத்து முனையைத் தொடுகிறது. முறுக்கிச் சரியாகச் சொருகினால் தீர்ந்தது. நிலைக்காவிட்டால் கொண்டு வாருங்கள். ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றி மட்டும் கொண்டு வராதீர்கள். நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் போய்விடும், வீடு தீப்பிடிக்கவும் கூடும்.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ செட் வந்தால் பின்னால் வோல்டேஜ் பார்க்காமல் சொருகவே சொருகாதீர்கள். அங்கே 120, 100. இங்கே 230.

அந்தத் தம்பியின் செட்டுக்கு நெருங்கிய அளவில் வேறு ட்வீட்டர் ஒரு ஜோடி கோவையிலிருந்து வருகிறது. மாட்டிவிட்டு, அவர் போனையே சொருகி, பேஸையும் ட்ரெபிளையும் நடுவில் நிறுத்தி, ஸ்பீக்கருக்குப் பதில் சத்தம் வராமல் பலத்தை வாங்கிக்கொள்கிற டம்மி லோடு போட்டு, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பார்ப்பேன். அலையின் தலை எங்கே வெட்டுப்படத் தொடங்குகிறதோ, அதற்குக் கொஞ்சம் முன்னால் வால்யூம் குமிழைச் சுற்றியுள்ள முகப்பில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டித் தருவேன். சிடிக்குத் தனியாக ஒரு பச்சைப் பொட்டு. வேறு எதைப் புதிதாகச் சொருகினாலும் அந்தப் பொட்டு செல்லாது என்பதையும் சொல்லித்தான் அனுப்புவேன். வீட்டில் ஸ்கோப் இல்லாதவர்களுக்குக் காது இருக்கிறது. பாடுகிறவர் குரலில் 'ச'வும் 'ஷ'வும் கூர்மையாகக் குத்தத் தொடங்கினால், குமிழ் எந்த எண்ணில் நின்றாலும் சரி, குறைத்துவிடுங்கள். அப்பா காலையில் சுப்ரபாதம் போடுவாராம், செட் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாராம். புதன்கிழமைக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.