மலைக்குளிரில் ஈஸ்ட்டை எழுப்புவது எப்படி?

குன்னூருக்குக் குடிவந்த முதல் மார்கழியில் நான் சுட்ட ரொட்டி உப்பவே இல்லை. இட்லி மாவுக்குச் செய்வதுபோல் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. வைத்தேன். அப்போதும் மாவு பிசுபிசுவென்று தளர்ந்தே கிடந்தது. கோளாறு அதற்கு முன்பே நடந்திருந்தது, குழாயிலிருந்து பிடித்த சில்லென்ற தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்தபோதே.

உலர் ஈஸ்ட் வெறும் பொடி அல்ல. ஒரு கிராமில் பல நூறு கோடி உயிரணுக்கள் உறங்குகின்றன. நீர் வற்றியதால் ஒவ்வொன்றின் சவ்வும் உலர்திராட்சைத் தோல்போல் சுருங்கியிருக்கும். சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. இங்கே குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிடும் அல்லவா, அதுபோல இந்தக் கொழுப்பும் உலர்ந்த நிலையில் இறுகிக் கிடக்கும். 40 டிகிரி செல்சியஸ் நீர் பட்டால் இளகி, விரிந்து, ஓட்டையில்லாமல் மூடிக்கொள்ளும். குளிர்ந்த நீரிலோ இறுக்கம் விடுவதற்குள் நீர் புகுந்து, உள்ளிருப்பதெல்லாம் வெளியே கசிந்துவிடும். அப்படிக் கசிவதில் குளுடாதயோன் என்ற சிறு மூலக்கூறும் உண்டு. கோதுமையின் பசைப்புரதத்தைப் பிணைக்கும் கந்தகக் கட்டுகளை அது அறுத்துவிடும். என் மாவு தளர்ந்தது அதனால்தான். சூடு அதிகமானாலும் ஆபத்து: 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்தே போகும்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்கும் இந்தச் சவ்வுதான் கவலை. அவர்கள் வாங்கும் திரவ ஈஸ்ட்டில் நாளாக ஆக உயிருள்ள அணுக்கள் குறைந்துகொண்டே போகும். ஆகவே 1 லிட்டர் நீரில் சுமார் 100 கிராம் மால்ட் பொடியை, அதாவது முளைகட்டிய பார்லிச் சாற்றின் பொடியை, கொதிக்கவைத்து, ஆற்றி, அதில் ஈஸ்ட்டை ஓரிரு நாள் பெருக்குகிறார்கள். தாய் அணு மொட்டுவிடும்போதெல்லாம் தன் சவ்வை உறுதியாகவும் நெகிழ்வாகவும் வைத்திருக்கும் ஸ்டீரால் என்ற கொழுப்பைப் பிள்ளைக்கும் பங்கு கொடுக்கிறது. புதிதாக ஸ்டீரால் செய்ய ஆக்சிஜன் வேண்டும், அதற்காகத்தான் குடுவையை அடிக்கடி குலுக்குகிறார்கள். காற்று கிடைத்தால் ஈஸ்ட் நொதிப்பதைக் குறைத்துக்கொண்டு நன்றாகப் பெருகும் என்று காட்டியவர் லூயி பாஸ்டர். 1907இல் தொடங்கிய எங்கள் ஊர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான். குன்னூரின் 1850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வெப்பநிலையில் நீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்.

நல்லவேளை, ரொட்டிக்கு இந்தக் குலுக்கல் தேவையில்லை. உலர் ஈஸ்ட்டைத் தொழிற்சாலையிலேயே காற்றோட்டத்தில் வளர்த்து, ஸ்டீராலைச் சேமிக்கவைத்துத்தான் அனுப்புகிறார்கள். தண்ணீரின் சூடு மட்டும் நம் பொறுப்பு. இப்போதெல்லாம் பிளாஸ்க் வெந்நீரில் குழாய்த் தண்ணீரை விளாவி, தெர்மாமீட்டர் 40 காட்டியதும் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு ஈஸ்ட்டைத் தூவுகிறேன். பத்து நிமிடத்தில் கிண்ணம் முழுக்க நுரை கட்டிவிடுகிறது.