விசா வந்துடுச்சு, சரி. எந்த விசா?

"மேடம், விசா வந்துடுச்சுங்க. நானும் வேலையை விட்டுட்டேன். அங்க போனதும் வங்கி வேலைக்கு எப்படி விண்ணப்பிக்கறதுன்னு சொல்லுங்க."

சேலத்தில் ஒரு வங்கியில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த பெண் அவர். கணவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ். படிக்கப் போகிறார். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். எஃப்-2 என்று இருந்தது. படிக்கப் போகிறவரோடு கூடப் போகும் கணவனுக்கோ மனைவிக்கோ தரும் விசா அது. அந்த விசாவில் போகிறவர் அங்கே சம்பளத்துக்கு ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது. பகுதி நேரமாகப் படிக்கலாம், அவ்வளவுதான். ராஜினாமாக் கடிதம் கொடுத்து, நோட்டீஸ் காலமும் முடிந்திருந்தது. விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லவே இல்லையாம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.

ஐந்து ரோடு பக்கம் உட்கார்ந்து பல வருடங்களாக இந்த ஆலோசனை வேலையைச் செய்கிறேன். வீட்டில், உறவில், கோயிலில் எல்லோரும் கேட்பது "விசா கிடைச்சிடுச்சா?" என்றுதான். எந்த விசா என்று கேட்பவர் குறைவு. அந்த ஓர் எழுத்தையும் எண்ணையும் வைத்துத்தான் போகிறவர் என்ன செய்யலாம், கூடப் போகிறவர் என்ன செய்யலாம் என்பதெல்லாம் முடிவாகிறது.

படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது எஃப்-1. பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவத்தை அனுப்பும். அதை வைத்து, வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் என்ற பதிவுக்கான கட்டணம் 350 டாலர் கட்டி, நேர்காணலுக்குப் போக வேண்டும். ஐ-20 வாங்குவதற்கு முதல் வருடச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். ஏற்காட்டில் காப்பியும் மிளகும் விளையும் தோட்டத்தின் மதிப்பீட்டுச் சான்றிதழை ஒருவர் கொண்டுவந்தார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் கட்டடத்தின் மதிப்பீட்டைக் கொண்டுவந்தார். இரண்டுமே நல்ல சொத்துதான். ஊரில் வேர் இருக்கிறது, பிள்ளை திரும்பி வருவான் என்று காட்ட அவை உதவும். ஆனால் கட்டணம் கட்டப் பணம் எங்கே என்ற கேள்விக்கு அவை பதில் ஆகாது. வங்கி இருப்பு, வைப்பு நிதி, அனுமதி கிடைத்த கல்விக் கடன், இவைதான் பதில். விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்க வங்கிகள் பெரும்பாலும் தயங்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். வெளியே பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பது விதிமீறல். "எல்லாரும் பாக்கறாங்க மேடம்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் செவிஸ் பதிவை முடித்துவிடுவார்கள். அப்புறம் கல்விக் கடன் மட்டும் சேலத்தில் அப்பா அம்மாவின் தலையில் நிற்கும். படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் படித்த துறையிலேயே வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்கள் மேலும் 24 மாதம் கேட்கலாம். இந்தக் கணக்கை நம்பித்தான் பல குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. ஆகவே, படிக்கப்போகும் படிப்பு அந்த 24 மாதம் கிடைக்கும் படிப்புகளின் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் கதை வேறு. இங்கே கருப்பூர்ப் பக்கம் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, போஸ்ட்டாக் என்ற அடுத்த கட்ட ஆய்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஜே-1 விசாதான் அதிகம் வருகிறது. அதற்கான படிவம் டிஎஸ்-2019. ஜே-1 என்றாலே "முடிச்சதும் ஊருக்குத் திரும்பி வந்து ரெண்டு வருஷம் இருந்துதான் ஆகணுமாமே" என்ற பயம் இங்கே இன்னும் இருக்கிறது. எந்த நாட்டுக்காரர் எந்தத் துறையில் போனால் இந்த நிபந்தனை வரும் என்பதற்கு அமெரிக்க அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 9 அன்று அதைத் திருத்தியது. திருத்திய பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை. எனவே அந்தப் பட்டியலை மட்டும் காரணமாக வைத்து இப்போது நம்மவர்களுக்கு இரண்டு வருட நிபந்தனை வராது. அதற்காக நிபந்தனையே போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அரசு நிதியில் போகிறவர்களுக்கும், மருத்துவப் பயிற்சிக்குப் போகிற டாக்டர்களுக்கும் அது அப்படியே இருக்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் உண்டு. ஆய்வாளர் வகை ஜே-1-இல் அதிகபட்சம் 5 ஆண்டுகள் இருக்கலாம். ஆனால் நடுவில் அதை முடித்துக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த 24 மாதத்துக்கு அதே வகையில் மறுபடி போக முடியாது. தங்கை கல்யாணத்துக்கு வந்த ஒரு பையன், வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று எட்டாவது மாதத்திலேயே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். அப்புறம் வேறு ஆய்வகம் கூப்பிட்டும் போக முடியவில்லை. வருவதற்கு முன் அங்கிருக்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், விடுப்பு எடுத்து வந்துவிட்டுத் திரும்பியிருப்பான்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஜே-1-இல் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கணவனோ மனைவியோ ஜே-2-இல் போனால், அங்கே போனபின் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி அட்டை கையில் வந்தபிறகுதான் வேலையில் சேர வேண்டும்.

பேராசிரியராகவோ நிரந்தர ஆய்வாளராகவோ சேர்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மனுப் போடும். கம்பெனிகள் போடும் மனுக்களுக்கு ஆண்டுக்கு 65,000, அங்கே மேற்படிப்பு முடித்தவர்களுக்கு 20,000 என்ற வரம்பும் குலுக்கலும் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஒரு தடவைக்கு 3 ஆண்டுகள், பொதுவாக மொத்தம் 6 ஆண்டுகள். ஆனால் 2025 செப்டம்பரில் வந்த பிரகடனம், வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பொதுவான விலக்குத் தரவில்லை. எச்-1பி வாக்குறுதியை நம்பி இங்கே வேலையை விடும் முன், மனு உண்மையில் பதிவாகிவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். கூடப் போகிறவருக்கு எச்-4. அதில் வேலை அனுமதி எடுத்தவுடன் கிடைக்காது. முக்கியமாக, எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டு மனுவில் வேலை தருபவர் போடும் ஐ-140 என்ற கட்டம் தாண்டியிருக்க வேண்டும்.

பேரன் பேத்தியைப் பார்க்க அப்பா அம்மா போவது பி-2. அதில் போய்க் கல்லூரியில் சேர்ந்து படிக்கக் கூடாது.

கடைசியாகப் பெயர் விஷயம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகிவிடும். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. அங்கே போனபின் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதுவே தொடரும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணலுக்குப் போய் நிற்கும்போது இதைச் சரிசெய்ய முடியாது. அதனால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே, அப்பா பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றச் சொல்கிறேன்.

அந்த வங்கிப் பெண் கணவரோடு போய்விட்டார். அங்கே பகுதி நேரமாகக் கணக்கியல் படிக்கிறார். போன மாதம் அதே மாதிரி இன்னொரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஆசிரியை. நான் கேட்பதற்கு முன்பே, "எனக்கு வர்றது எஃப்-2-தானுங்களே மேடம்?" என்றார். ராஜினாமா செய்யவில்லை. ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.