மரபணுவின் வேலை: கணினி சொன்னால் போதுமா?

ஆய்வு மாணவி ஒருவர் சில வாரங்களுக்கு முன் ஒரு பட்டியலோடு வந்தார். ஒவ்வொரு மரபணுவுக்கும் எதிரே அதன் வேலை எழுதியிருந்தது. "எல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறதுதான் மேடம்" என்றார். பாதிக்கு மேல் 'ஐ.இ.ஏ.' என்ற குறியீடு. எந்த மனிதரும் சரிபார்க்காமல் கணினி தானாகப் போட்ட குறிப்பு என்று அதற்குப் பொருள்.

ஒரு மரபணு தரும் புரதத்தின் அமினோ அமில வரிசை இன்னொன்றைப் போல இருந்தால், வேலையும் ஒன்றாக இருக்கலாம் என்று கணினி கணிக்கிறது. பல நேரம் அது சரிதான். ஆனால் முதல் குறிப்பு தப்பாக இருந்தால், அதைப் பார்த்து எழுதிய அத்தனையும் தப்பு.

சரி, கணினியை நம்பவே கூடாதா? நம்பலாம். அந்தக் கணிப்பைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வேல்ஸில் ஆபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ராஸ் கிங் குழு உருவாக்கிய 'ஆடம்' என்ற ரோபோ அதைத்தான் செய்தது. ஈஸ்ட் செல்லுக்குள் எந்தப் பொருள் எதுவாக மாறுகிறது என்பதெல்லாம் அதனிடம் தர்க்க விதிகளாக இருந்தது. சில வேதிமாற்றங்கள் நடப்பது தெரியும். அவற்றுக்கான நொதியைத் தரும் மரபணு எது என்று மட்டும் தெரியாது. மற்ற உயிரிகளில் அதே வேலை செய்யும் மரபணுக்களோடு ஒப்பிட்டு, ஆடம் ஊகங்களை உருவாக்கியது. பிறகு அந்த மரபணு நீக்கப்பட்ட ஈஸ்ட்டை வளர்த்து, வளர்ச்சி எப்படி மாறுகிறது என்று தானே அளந்தது. 2009-இல் வெளியான முடிவின்படி, 13 நொதிகளுக்கு 20 ஊகங்கள். அவற்றில், அதுவரை ஆதாரமே இல்லாத 12 ஊகங்களுக்குச் சோதனையில் ஆதரவு கிடைத்தது.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது லைசின் என்ற அமினோ அமிலத்தின் தயாரிப்பில் வரும் ஒரு நொதிதான். அந்த ஒரு வேலைக்கு மூன்று மரபணுக்கள் அகப்பட்டன. ஒன்றை நீக்கினால் மற்றவை சமாளித்துக்கொள்ளும். வளர்ச்சியில் சிறு வித்தியாசம்தான் தெரியும். இத்தனை நாள் அவை பிடிபடாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஆடம் சொன்னதோடு குழு நிற்கவில்லை. அந்தப் புரதங்களைப் பிரித்தெடுத்து, கையாலும் சோதித்துப் பார்த்தது.

இந்த மரபணுவுக்கு இந்த வேலைதான் என்பதற்கு இயந்திரக் கற்றல் 0.9 என்று ஒரு மதிப்பெண் தந்தால், அடுத்து எந்தச் சோதனையைச் செய்வது என்று அந்த எண் சொல்லாது. தர்க்க விதி சொல்லும்: இந்த மரபணு இல்லாவிட்டால் இந்தப் பொருள் குறையும், போய்ப் பார்.

மாணவியிடம் பட்டியல் முழுவதையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அவருடைய முடிவு எந்த மூன்று மரபணுக்களை நம்பி நிற்கிறதோ, அவற்றை மட்டும் தனியே எழுதச் சொன்னேன். மூன்றில் இரண்டு ஐ.இ.ஏ. இப்போது அந்த இரண்டுக்கும் சோதனை ஓடுகிறது.